தலைவர் முகத்துக்கு ஏற்ற மெஷின்

எங்கள் அசுவோமா ஊரில் சனிக்கிழமை தவிர வேறு கிழமையில் யாரையும் புதைப்பதில்லை. எந்தக் கிழமை செத்தாலும் சரி, பிணவறை ஐஸ் பெட்டியில் படுத்துத் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். பந்தல்காரனுக்கு நாள் ஒழிய வேண்டும். லண்டன் மருமகனுக்கு லீவு கிடைக்க வேண்டும். கறுப்பும் சிவப்புமாகக் குடும்பம் மொத்தத்துக்கும் துணி தைத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நினைவு மலர் அச்சாகி வர வேண்டும். வழவழவென்று தடித் தாள், இரண்டு பக்கமும் வண்ணம், அட்டையில் செத்தவர் முகம். உள்ளே அவர் பிறந்தது, ஞானஸ்நானம் வாங்கியது, மனைவி எழுதிய புலம்பல், பிள்ளைகள் எழுதிய புலம்பல், பேரப்பிள்ளைகள் பேரில் யாரோ எழுதிய புலம்பல். மலர் இல்லாமல் புதைத்தால் அது சாவுக் கணக்கிலேயே சேராது.

இந்த மலர்களை அடித்துக் கொடுப்பது நகரமன்ற அச்சகம். அதில் மேற்பார்வையாளர் நான், ஒஃபொரிவா. எங்களிடம் இருந்த வண்ண மெஷின் கடைசிக் காலத்தில் எல்லார் முகத்தையும் பச்சையாக்கியது. ஈஸ்டர் சமயத்தில் ஒரு தலைமையாசிரியரைப் பப்பாளிக்காய் நிறத்தில் அடித்துக் கொடுத்துவிட்டேன். அவருடைய மச்சான்மார் வந்து என் மேசையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். மே மாதம் மெஷின் ஒரேயடியாக நின்றது. அதே வாரம் என் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

அப்பா எமானுவல் அடோமாக்கோ லாரி ஓட்டியவர். குமாசி சாலையில் அவர் ஹாரன் சத்தம் தெரியாத ஆள் கிடையாது. நல்ல கறுப்பு. "எமானுவல் சிரிச்சாத்தான் ராத்திரில அவன் நிக்கறது தெரியும்" என்று லாரி ஸ்டாண்டே கேலி செய்யும். அந்தக் கேலிக்கு முதலில் சிரிப்பவர் அவர்தான்.

எட்டாம் நாள் துக்கத்துக்கு எல்லாரும் கூடினோம். எங்களில் செத்தவர் தன் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். பெற்ற பிள்ளைகளானாலும் நாங்கள் சவப்பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டியவர்கள்தான். அன்று ஓரமாகவே நின்றிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நகரமன்றத்துல புது மெஷின் வாங்கப் போறாங்க. அதுல முதல் மலர் அப்பாவோடதுதான்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

குடும்பத் தலைவர் நானா டார்க்குவா கைத்தடியைத் தரையில் தட்டி எழுந்தார். "கேட்டீங்களா எல்லாரும்? புது மெஷின்ல முதல் முகம் நம்ம எமானுவல் முகம்! எதிர்த்தெருக்காரன் இனிமே மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சுக்குவான்னு பார்க்கிறேன்!" எல்லாரும் கைதட்டினார்கள். குடும்பத்தின் நடுவே சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க எங்கள் ஊரில் வழி இல்லை. மெஷின் வரும்வரை அப்பா ஐஸ் பெட்டியில் இருப்பார் என்று அன்றே முடிவாகிவிட்டது.

நான் நகரமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தது சின்ன விஷயம். தடித் தாளை உள்ளே வாங்கணும், இரண்டு பக்கமும் வண்ணம் அடிக்கணும், வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேலையை முடிக்கணும். அச்சடிக்கிற கடைக்கு வேண்டிய நடுத்தர மெஷின். தலைநகர் அக்ராவில் கடை கடையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்து வாங்கி வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.

நகரமன்றம் போய்ப் பார்க்கவில்லை, குழு அமைத்தது. வண்ண அச்சுப்பொறித் தேர்வுக் குழு. தலைவர் மாண்புமிகு அப்பென்டெங். பொதுக் கழிப்பறைக்கு ஓடு தேர்ந்தெடுக்கும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்த ஓடுகள் இன்னும் வரவில்லை. செயலாளர் மேடம் டுவுமா. தலைவர் தும்மினாலும் குறித்துக்கொள்வார்.

முதல் கூட்டம் ஜெபத்துடன் தொடங்கியது. பாஸ்டர் ஒருவர் வந்து, இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத அந்த மெஷினை ஆசீர்வதித்தார். பிறகு வந்திருந்தவர்களை எல்லாம் தலைவர் பட்டம் சொல்லி வரவேற்றார். பிறகு, வராதவர்களையும் வரவேற்றார். நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டு விஷயங்கள் இருந்தன. பதின்மூன்றாவது எழுதியிருக்காது, எங்கள் நாட்டில் யாரும் எழுத வேண்டியதும் இல்லை. ஜொல்லோஃப் சோறு, பொரித்த கோழி, குளிர்ந்த மால்ட் பானம். எந்தக் கூட்டமானாலும் பதின்மூன்றாவது என்றால் அதுதான். அன்று இரண்டாவது விஷயத்தில் நின்றார்கள். குழுவின் பெயரில் 'வண்ண' என்பது முன்னால் வரணுமா, பின்னால் வரணுமா என்று வாக்குவாதம். அதற்குள் கோழி வாசனை வந்துவிட்டது. இரண்டிலிருந்து நேராகப் பதின்மூன்றுக்குத் தாவினார்கள்.

நான் கை தூக்கினேன். "ஐயா, மெஷின் எப்ப வாங்குவோம்?"

அப்பென்டெங் கோழிக்காலைத் தட்டில் வைத்தார். "சகோதரி, மெஷினை வாங்கிட்டா வேலை முடிஞ்சு போயிடும். வேலை முடிஞ்சா குழு எதுக்கு? குழு இல்லேன்னா மக்களுக்கு யாரு பொறுப்பு? யோசிச்சுப் பாருங்க."

"அருமை, அருமை" என்று மேடம் டுவுமா எழுதிக்கொண்டார்.

"எங்கப்பா ஐஸ் பெட்டியில இருக்காருங்க ஐயா. மெஷின் வந்தாத்தான் எடுக்க முடியும்."

தலைவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். "உங்கப்பாவுக்கு இனிமே என்னம்மா அவசரம்?"

குழு சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு அக்ராவிலிருந்து ஒரு விற்பனையாளரை வரவழைத்தார்கள். டை கட்டிய பையன். மெஷினில் நான்கு வண்ணப் பொடிகள் என்றான். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு.

அப்பென்டெங் நாற்காலியில் நிமிர்ந்தார். "இது எந்த நாட்டுக் கொடி?"

"கொடி இல்லீங்க ஐயா. இந்த நாலை வச்சு எல்லா வண்ணமும்..."

"நம்ம கொடியில என்ன இருக்கு? சிவப்பு, தங்கம், பச்சை, நடுவுல கறுப்பு நட்சத்திரம். உன் மெஷின்ல சிவப்பு எங்க? பச்சை எங்க?"

"சிவப்பு வேணும்னா ரோஸும் மஞ்சளும் கலந்துக்கும் ஐயா."

தலைவர் எழுந்தே விட்டார். "தம்பி! கொடியில இருக்கற சிவப்பு தியாகிகளோட ரத்தம். அதை ரோஸும் மஞ்சளும் கலந்து செய்யப் போறியா? எங்க தாத்தா ரத்தம் ரோஸா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். தேசிய வண்ணங்களை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு கடற்கரை விடுதி ஒன்றில் தங்கி ஆராய்ந்தது. தேசிய வண்ணத்தில் மெஷின் செய்யும் நாடு உலகத்திலேயே இல்லை என்று கண்டுபிடித்தது. இதை நம் நாட்டுக்கு எதிரான சதியாகக் கருதி, கண்டனத் தீர்மானம் போட்டது. பிறகு பதின்மூன்றாவது. அதில் வறுத்த மீனும் இருந்ததாகக் கேள்வி.

மழைக்காலம் வந்தது, போனது. மாதத்துக்கு ஒருமுறை பிணவறைக்குப் போவேன். அங்கே காவலுக்கு இருந்தவர் என்னைக் கண்டதும் நாற்காலி போடுவார். ஒருநாள், "உங்கப்பா இங்க சீனியர் ஆயிட்டாரும்மா. அவருக்கு அப்புறம் வந்தவங்கல்லாம் வெளிக்கடையில மலர் அடிச்சுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டுக் கிளம்பிப் போயிட்டாங்க. நான் வேலைக்கு உள்ள வரும்போது முதல்ல அவருக்குத்தான் குட்மார்னிங்" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். பாவம், நல்ல மனுஷன். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுத் திட்டினேன். கடவுளை அல்ல, குழுவை.

வீட்டிலோ நானா டார்க்குவா தினம் போன். "மகளே, மெஷின் வந்துச்சா?" வரவில்லை நானா. "எதிர்த்தெருக்காரன் கேக்கறான், உங்காளு செத்துட்டானா, இல்ல குளிர் நாட்டுல குடியேறிட்டானான்னு. நான் என்ன பதில் சொல்ல?" நான் குழுவில் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். கிழவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்வார்.

செப்டம்பரில் குழு ஒரு வழியாக மூன்று கம்பெனிகளை மெஷினோடு வரச் சொன்னது. நகரமன்றக் கூடத்தில் மூன்று மெஷின்களும் வரிசையாக நின்றன. எனக்குக் கை பரபரத்தது. ஒரு கட்டுத் தடித் தாளும் அப்பாவின் படமும் கொண்டு போயிருந்தேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் மேடம் டுவுமா. "சோதனைக்கு ஒரே படம்தான். பாரபட்சம் இருக்கக் கூடாது இல்லையா?" உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். தலைவரின் படம்.

முதல் மெஷின் தலைவரை அடித்தது. அப்பென்டெங் அப்படியே வந்து விழுந்தார். அதே கறுப்பு, காதோரம் அதே நரை, புருவத்தின் மேல் அதே தழும்பு, கண்ணுக்குக் கீழே அதே பை. இதில் அப்பா எப்படி வருவார் என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனிக்காரன் என் தடித் தாளைப் போட்டுத் திருப்பியும் அடித்துக் காட்டினான். மடமடவென்று வந்தது.

தலைவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "தெளிவு கொஞ்சம் ஜாஸ்தி."

"ரொம்ப ஜாஸ்தி" என்றார் மேடம் டுவுமா. "உண்மையைச் சொல்றதுக்கும் ஒரு மரியாதை வேணும்."

இரண்டாவது மெஷினில் தலைவர் தேநீர் நிறத்தில் வந்தார். தழும்பு போய்விட்டது, வயதில் பாதியும் போய்விட்டது. குழுவில் 'ஆ!' என்று ஒரு பெருமூச்சு. மூன்றாவது மெஷினில் அவர் அப்போதுதான் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தை மாதிரி இருந்தார். அது அதிகம் என்று அவருக்கே வெட்கம் வந்தது. அடக்கம் கருதி, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

"ஐயா, அது தடித் தாளை வாங்காது. ஒரு பக்கம்தான் அடிக்கும்" என்றேன். என் குரல் எனக்கே கத்தலாகக் கேட்டது. "சாவு வீட்டுக்கு ரெண்டு பக்கம் வேணும்!"

"எதுக்கு ரெண்டு பக்கம்?" அப்பென்டெங் தன் படத்தை மடிக்காமல் கோப்புக்குள் வைத்தார். "மக்களுக்கு ஒரு பக்கம் போதும்மா. அரசாங்கம் சொல்றது எப்பவும் ஒரு பக்கம்தான். ரெண்டு பக்கம் காட்டினா குழம்பிப் போவாங்க."

இதையும் எழுதிக்கொண்டார்கள். இதையும் அன்று மாலை நானாவிடம் சொன்னேன். "அப்படியா சொன்னான்?" என்றார், அவ்வளவுதான்.

மெஷின் நவம்பரில் வந்தது. அச்சக வாசலில் ரிப்பன் கட்டினார்கள். பந்தல், பாட்டுக் குழு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில். நானா டார்க்குவா துக்கத் துணியிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முதல் முகம் எமானுவல் முகம் என்று சொன்ன சொல் இருக்கிறதே!

முதலில் அடிக்கப்பட்டது குழுவின் இறுதி அறிக்கை. எந்த மெஷினை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று தலையணை மொத்தத்துக்கு ஒரு அறிக்கை, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் முழுப் பக்க வண்ணப் படம். ஒரு பக்கம் மட்டும் அடித்ததால் இரு மடங்கு தாள் தின்றது. அடித்து முடிப்பதற்குள் கறுப்புப் பொடி தீர்ந்து, எச்சரிக்கை விளக்கு மினுக்கியது. மிச்சப் பொடியை எப்படிச் செலவழிப்பது என்று தீர்மானிக்க அந்த இடத்திலேயே இன்னொரு குழு அறிவித்தார்கள். அதற்கும் கைதட்டல்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவின் படத்தைக் கொடுத்தேன். தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி தானே பொத்தானை அழுத்தினார். தடித் தாள் உள்ளே போய் நசுங்கி வெளியே வந்தது. சாதாரணத் தாள் போட்டார்கள். வந்தது ஒரு முகம். வெளிறிப்போய், கன்னம் மழமழவென்று, எங்கோ வங்கியில் வேலை பார்க்கிற யாரோ.

நானா டார்க்குவா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். "யாரு இது?"

"எமானுவல்தான் நானா" என்றேன்.

"இவன் எமானுவல் இல்ல. இவன் படத்தைப் போட்டு நான் எங்காளைப் புதைக்க மாட்டேன். நாளைக்கு மேலோகத்துல வாசல்ல நிக்கறவங்க இதைப் பார்த்துட்டு எமானுவலை உள்ள விட மாட்டாங்க."

அப்பென்டெங் குறுக்கே வந்தார். "பெரியவரே, மெஷின் சரியாத்தான் இருக்கு. உங்காளு படம்தான் குழுவோட தரத்துக்கு வரல. கொஞ்சம் நல்ல படமா, வெளுப்பா எடுத்திருக்கலாம்."

வெளுப்பா எடுத்திருக்கலாமாம். வாழ்நாள் முழுக்க வெயிலில் லாரி ஓட்டிய மனிதரை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நானா என் தோளில் கை வைத்து அழுத்தினார். "வேணாம் மகளே. நான் விட்ட ஜம்பமும் போதும், நீ குடுத்த வாக்கும் போதும். எங்க வேணா அடி. எமானுவலை எமானுவலாக் கொண்டு வா."

லாரி ஸ்டாண்டில் டாவி மாவுசி கடை. சோளமாவுக் கென்கே உருண்டை விற்கிற பெண்ணுக்கும் டயர் ஒட்டுகிறவனுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அவளிடம் ஜெர்மனியில் யாரோ ஓட்டித் தள்ளிய பழைய மெஷின் ஒன்று இருந்தது. மலரை இரண்டு பக்கமும் தடித் தாளில் ஓட்டினாள். முதல் தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். அப்பா. ஸ்டாண்டே கேலி செய்த அதே கறுப்பு, நடுவில் அதே பல்வரிசை. ஹாரன் அடித்துவிட்டு இறங்கி வருகிற மாதிரி இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

"இந்த மெஷினை எப்படி டாவி தேர்ந்தெடுத்த?" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"எங்கம்மா படத்தையும் ஒரு கட்டுத் தாளையும் எடுத்துக்கிட்டுப் போனேன். ரெண்டு பக்கமும் போடுன்னேன். அம்மா வந்தாங்க. வண்டியில ஏத்துன்னேன். வேற எப்படித் தேர்ந்தெடுப்பாங்க?" என்றாள் அவள், எனக்குப் பைத்தியமோ என்று பார்த்தபடி.

சனிக்கிழமை காலை அப்பாவைப் புதைத்தோம். ஸ்டாண்டில் இருந்த லாரி எல்லாம் வரிசையாக ஹாரன் அடித்தன. மதியத்துக்கு மேல் பந்தலில் துக்கக் கொடை. எங்கள் வழக்கம் தெரியும்தானே. ஒருவர் மைக்கில் நின்று, யார் என்ன கொடுத்தார் என்று பெயர் சொல்லி அறிவிப்பார். பெயர் வந்ததும் கொடுத்தவர் எழுந்து கை அசைக்க வேண்டும். ஊரே கைதட்டும். குடும்பம் ரசீது எழுதிக் கையில் கொடுக்கும். துக்க ரசீதை வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது.

மாண்புமிகு அப்பென்டெங் குழுவோடு வந்தார். முன்வரிசையில் மெத்தை நாற்காலி. ஒரு தண்ணீர்ப் பாக்கெட்கூடக் கொண்டு வரவில்லை. கையில் எங்கள் மலர். அதைப் பக்கத்தில் இருந்த பாஸ்டரிடம் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, என்ன ஒரு தெளிவு! நம்ம மெஷின். எத்தனை கூட்டம் போட்டோம் தெரியுமா? சும்மா வருமா?"

அடுத்து நடந்தது நான் யோசித்துச் செய்ததில்லை. மைக்கை அறிவிப்பாளர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"துக்கத்துக்கு வந்திருக்கற சொந்தங்களே! அசுவோமா நகரமன்ற வண்ண அச்சுப்பொறித் தேர்வுக் குழு! தலைவர், மாண்புமிகு அப்பென்டெங்!"

பெயர் காதில் விழுந்ததும் அவர் எழுந்துவிட்டார். வருஷக்கணக்கான பழக்கம் இல்லையா! இரண்டு கையையும் தூக்கி நாலா பக்கமும் அசைத்தார். மேடம் டுவுமாவும் எழுந்து கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

"இவங்க எங்கப்பாவுக்குக் குடுத்த கொடை, மே மாசத்துலேருந்து நவம்பர் வரைக்கும் ஐஸ் பெட்டி! இவ்வளவு பெரிய கொடை இந்த ஊர்ல யாரும் யாருக்கும் குடுத்ததில்ல. அவர் கையில இருக்கற மலர் அவரோட மெஷின் அடிச்சது இல்ல. லாரி ஸ்டாண்டு டாவி மாவுசி அடிச்சது. எங்கப்பாவுக்கு என்ன அவசரம்னு கேட்டாரு. குழுவுக்கு எங்க குடும்பத்தோட நன்றி. ரசீது வாங்கிக்கணும்!"

கைதட்டல் பாதியில் நின்றது. தூக்கின கை தூக்கினபடி அப்பென்டெங் நின்றார். பின்னால் டிரைவர்கள் பக்கமிருந்து ஒருவன் "எய்!" என்றான். பிறகு அங்கேயிருந்து கிளம்பிய கைதட்டல் பந்தல் முழுக்கப் பரவியது. அது வேறு கைதட்டல்.

நானா டார்க்குவா ரசீதுப் புத்தகத்தை வாங்கி, நிதானமாக எழுதினார். கிழித்தார். கைத்தடி ஊன்றி முன்வரிசைக்கு நடந்து போய், தலைவரின் கையை இறக்கி, அதில் வைத்தார். அப்பென்டெங் வாங்கிக்கொண்டார். படித்தார். பின்னால் இன்னும் ஏதாவது இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பக்கம்தான் எழுதியிருக்கேன், மாண்புமிகு" என்றார் நானா. "மக்களுக்கு அது போதும்னு நீங்கதானே சொன்னீங்க."